குறைந்த நாடிக்காரன் நாற்காலி

முப்பத்தெட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நிமிஷத்துக்கு என் நாடி அவ்வளவுதான் துடித்தது. பம்பாய் சயான் ஸ்டேஷன் பக்கத்து இரானி ஹோட்டலில் நாலு பேர் பார்க்க எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன். எனக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. தன் நோயின் முதல் அடையாளத்தை யாராவது இப்படிக் கொண்டாடுவார்களா என்று கேட்பீர்கள். நான் கொண்டாடினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதயத்துக்குப் பெட்டி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, பயந்துபோய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவன்தான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் பம்பாய்க்கு வந்து, தாராவியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு அந்தக் கடைக்குப் பக்கத்தில் என் கடை. பிறகு அந்தக் கடையும் என் கடை. தொண்ணூறு அடி ரோட்டில் ஓடுகிற சைக்கிளில் பாதி இந்தக் காதர் மைதீன் கை பட்டது. மீதிப் பாதி சரியாக ஓடாது.

எனக்கென்று ஒரு ரேஸ் சைக்கிளை நானே கட்டினேன். பழைய குழாய்களை அறுத்து, ஒட்டி, தேய்த்து, ஒரு கையால் தூக்குகிற மாதிரிச் செய்தேன். அதில்தான் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி.

போட்டி என்றால் மூன்று பேர். நான் ரோட்டு சைக்கிள்காரன். மாட்டுங்கா விஸ்வநாதன் ஓட்டக்காரர். ரயில்வே ஆபீஸில் கிளார்க், பாலக்காட்டு மனிதர், வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டு ஓடுவார். நான் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாவது, செம்பூர் செல்வராஜ். கருப்புக் கேரியர் சைக்கிளில் பால் கேன் கட்டி, குன்று மேலிருக்கும் குடிசைகளுக்கு மண் பாதையில் ஏற்றிப் போகிறவன். நாற்பது வயது, எங்கள் ஜில்லாக்காரன். அவனுடைய பின் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றிக் கொடுத்ததே நான்தான். மலை ஏறுவதற்கு அதுதான் வித்தை.

ஓடுகிறவனும் ஓட்டுகிறவனும் ஒரே ரோட்டில் போட்டி போட முடியாது அல்லவா? அதனால் ஆளுக்கொரு பாதை வகுத்தோம். சாமி மாட்டுங்காவில் தோட்டத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு சயானுக்கு ஓடி வரவேண்டும். நான் மாட்டுங்காவிலிருந்து செம்பூர் நாக்கா (நாற்சந்தி) போய்த் திரும்பி சயான் வரவேண்டும். செல்வராஜ் செம்பூரிலிருந்து வந்து, சயான் கோட்டைக் குன்றில் மண் பாதையில் சைக்கிளோடு ஏறி இறங்கி வரவேண்டும். ஒரே நேரத்தில் புறப்பட்டால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக முடியும். முடிவுக் கோடு இரானி ஹோட்டல் வாசல்.

இதில் ஒரு கோளாறு. மூன்று பேரும் மூன்று பாதையில் வருவதால், யார் எங்கே திருடினார் என்று மற்றவருக்குத் தெரியாது. வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வருவதற்குள் சண்டை வந்துவிடும்.

"சாமி, தோட்டத்தை ரெண்டு சுத்து சுத்துனீரா, இல்ல ஒண்ணைக் கால்லயும் ஒண்ணை மனசுலயும் சுத்துனீரா?"

"ஓய் பாய், ரெண்டு சக்கரத்து மேல உக்காந்துண்டு வரவாளுக்கு, ஓடறவனைக் கேள்வி கேக்க வாய் இருக்கப்படாது."

செல்வராஜ் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொல்வான்: "ரெண்டு பேரும் தார் ரோட்டுல பாய் விரிச்ச மாதிரி வந்துட்டு என்ன பேச்சு? ஒரு நாளைக்கு மண்ணுல ஏறிப் பாருங்க, நாக்கு வெளிய வந்துரும்."

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் நாடி வந்தது. பெரிய ஓட்டக்காரர்களுக்கு நாடி மெதுவாகத் துடிக்கும், இதயம் பலமாக இருப்பதுதான் காரணம் என்று சாமி ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டு வந்தார். நாடியில் யாரும் திருட முடியாது. ஆகவே ஒரு சட்டம் போட்டோம். வந்ததும் பத்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். பிறகு சாமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்து எண்ணுவார். சாமியின் நாடியை நான் எண்ணுவேன். யாருக்குக் குறைவோ அவருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி. அந்த ஹோட்டலில் ஓடுகிற மின்விசிறி அது ஒன்றுதான். சாமி ஆபீஸ் பழக்கத்தில் எண்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பார்.

முதல் வருஷம் முழுவதும் சாமிதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாடி அவருக்கு ஐம்பத்து நாலு, எனக்கு ஐம்பத்தாறு, செல்வராஜுக்கு அறுபத்தாறு. இரண்டே துடிப்பு வித்தியாசத்தில் ஒரு வருஷம் வியர்த்தேன்.

எங்கள் ஒண்டுக்குடித்தனச் சாலுக்குக் கலர் டி.வி. வந்த வருஷம், மழை தொடங்கியபோது என் நாடி ஐம்பத்திரண்டு ஆனது. மின்விசிறி எனக்கு வந்தது. பிறகு நாற்பத்தாறு. பிறகு நாற்பத்திரண்டு. சாமி பொறாமையில் வார நாட்களிலும் ஓட ஆரம்பித்தார். ஐம்பத்து மூன்றுக்குக் கீழே இறங்க முடியவில்லை.

"ஓய், நீர் மனுஷனா ஆமையா?" என்றார்.

"உழைச்ச உடம்பு சாமி. ஆபீஸ்ல ஃபைல் தூக்குனா வராது" என்றேன்.

அதே நாட்களில் வேறு சிலதும் நடந்தன. விடிகாலை சுபுஹு தொழுகையில், நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவிலிருந்து எழும்போது கண் இருட்டியது. பாதம் சில்லென்று இருந்தது. கடையில் சக்கரம் நிமிர்த்தும்போது ஆரக்கம்பிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். செம்பூர் போய்த் திரும்ப, முன்பைவிட எவ்வளவோ நேரம் அதிகமாக எடுத்தது.

"அண்ணாச்சி, முன்னல்லாம் எனக்கு முந்தி வந்து உக்காந்திருப்பீய. இப்ப நான் மலைய எறங்கி, டீ குடிச்சு முடிச்ச பொறவு வாறீய" என்றான் செல்வராஜ்.

"இஞ்சின் மெதுவா ஓடுனா பெட்ரோல் மிச்சம்ல" என்றேன்.

என் மனைவி ஜெய்த்தூனுக்கு மட்டும் இந்தப் பதில் போதவில்லை.

"நேத்து சோத்துத் தட்டுல கைய வச்சபடியே உறங்கிட்டீங்க. காலைத் தொட்டா ஐஸு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"என் நாடி என்னன்னு தெரியுமா உனக்கு? நாப்பது. ஓடுற சாமியவிடப் பதிமூணு கம்மி."

"கம்மியா இருந்தா நல்லதுன்னு யாரு சொன்னா?"

"இங்கிலீஷ் புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அதுல உங்க பேரப் போட்டிருக்கா?"

எழுந்து கடைக்குக் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் போட்டியை நிறுத்தச் சொல்லுவார். ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் எதற்கு நிறுத்த வேண்டும்? தலைச்சுற்றலை யாரிடமும் சொல்லவில்லை. அப்படித்தான் முப்பத்தெட்டு வந்தது, கையைத் தூக்கினேன்.

மூன்று வாரம் கழித்து, டிசம்பர் மாதக் காலை. சாமி என் மணிக்கட்டைப் பிடித்து வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தாறு என்றது கேட்டது. இருபத்தேழு. இருபத்தெட்டு என்று சொல்ல வாயைத் திறந்தார், சொல்லவில்லை. தன் விரலுக்கடியில் இருந்த துடிப்பு எங்கே போனது என்று தேடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

பிறகு நடந்தது அவர்கள் சொல்லித் தெரியும். நான் நாற்காலியோடு சாய்ந்தேன். வாசலில் டாக்ஸி எதுவும் இல்லை. செல்வராஜ் பால் கேன்களை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேரியரில் உட்காரவைத்து, கேன் கட்டும் கயிற்றால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டினான். அவன் மிதிக்க, சாமி ஒரு கையால் என்னைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்தார். பெரிய அரசு ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். செல்வராஜ் மிதித்ததாலா, சாமி ஓடியதாலா சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம் என்று இன்றுவரை இருவருக்கும் தகராறு.

கண் திறந்தபோது நெஞ்சில் கம்பிகள் ஒட்டி ஈசிஜி (இதயத்தின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக எழுதும் சோதனை) எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மராட்டி டாக்டரம்மா, சின்ன வயது, காகிதத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "எத்தனை நாளாக நாடி இப்படி இருக்கிறது?"

மற்ற நோயாளிகள் இதற்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். எங்களிடம் நோட்டு இருந்தது. சாமி பெருமையோடு எடுத்து நீட்டினார். டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஐம்பத்தாறிலிருந்து முப்பதுகள் வரை, ஞாயிறு ஞாயிறாக, என் இதயம் இறங்கிய படிக்கட்டு முழுக்க அதில் இருந்தது. சில எண்களுக்குப் பக்கத்தில் சாமி நட்சத்திரம் போட்டிருந்தார்.

"இந்த நட்சத்திரம் என்ன?"

"ஜெயிச்ச நாளாக்கும்" என்றார் சாமி, மெதுவாக.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. "ஓடும்போது, சைக்கிள் மிதிக்கும்போது நாடி ஏறியதா? அதை எண்ணினீர்களா?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் எண்ண வேண்டும் என்பது எங்கள் சட்டம். பலமான இதயம் உட்காரும்போது மெதுவாகவும் உழைக்கும்போது வேகமாகவும் துடிக்கும். என்னுடையது உழைக்கும்போதும் ஏறியிருக்காது. அது பலம் இல்லை என்றார்.

எனக்கு வந்தது ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேலறையில் உண்டாகும் மின்சாரம் கீழறைக்குப் போய்ச் சேராமல் வழியில் நின்றுவிடுவது). டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. டைனமோ நன்றாகத்தான் சுற்றுகிறது, விளக்குக்குப் போகிற ஒயர் அறுந்துவிட்டது. விளக்கு தானாக ஏதோ மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நான் அந்த மங்கலைப் பார்த்துத்தான் என் விளக்குக்கு எவ்வளவு நிதானம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கழுத்து நரம்பு வழியாக ஒரு தற்காலிக ஒயரை உள்ளே விட்டு, வெளியே ஒரு பெட்டியோடு இணைத்து, உயிர் தாங்கும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் துடிக்கவைத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். நிலையான பேஸ்மேக்கர் (தோலுக்கடியில் வைக்கும் சின்னப் பெட்டி; ஒயர் வழியாக இதயத்துக்கு மின்சாரம் கொடுத்துத் துடிக்கவைப்பது) வந்து சேர ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். மவுத்தை, சாவைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. அது வந்தால் வரட்டும் என்று இருந்தேன். சைக்கிளைப் பற்றித்தான் யோசித்தேன். பஞ்சர் ஒட்டிய நாளிலிருந்து மிதிக்காமல் ஒரு வாரம் இருந்ததில்லை. சைக்கிள் ஓட்டாத காதர் மைதீன் யார் என்று எனக்குத் தெரியவில்லை. இதை ஜெய்த்தூனிடம் சொன்னேன். "ஓட்டாத காதர் மைதீனும் எனக்குப் போதும்" என்றாள். எனக்குப் போதாது என்பது அவளுக்கும் தெரியும். மறுநாள் அவளே டாக்டரம்மாவிடம் போய், "இவர் திரும்ப சைக்கிள் ஓட்டலாமா?" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள்.

"முதலில் பிழைக்கட்டும். பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

பெரிய டாக்டர் பெட்டியை வலது பக்கம் வைக்கலாம் என்றிருந்தார். நான் மறுத்தேன். ரோட்டில் திரும்பும்போது சைகை காட்டுவது வலது கை, அதனால் இடது பக்கம் வையுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு அப்படியே செய்தார். பெரிய டாக்டருக்கே யோசனை சொன்ன ஆள் நான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பயப்படுகிறவர்களுக்கு: மயக்க மருந்து கொடுத்து உறங்கவைக்கவில்லை, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தார்கள். காரை எலும்புக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெட்டு. வலி என்று சொல்ல முடியாது. யாரோ உங்கள் சட்டைப் பையில் கைவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் என் கால் விரல்கள் சூடாயின. சுவரில் அடித்திருந்த பச்சை நிறம் பச்சையாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் அரை வெளிச்சத்தில் வாழ்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பசித்தது.

ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது என்றார்கள், உள்ளே ஒயர் நகர்ந்துவிடும். கடையில் மின்சார வெல்டிங் பக்கம் போகக்கூடாது. தினமும் காலையில் நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். பெட்டியை எழுபத்திரண்டில் வைத்திருக்கிறார்கள். பேட்டரி தீரும் காலத்தில் அந்த எண் இறங்கும். இறங்கினால் உடனே வரவேண்டும்.

"எண்ணத் தெரியுமா என்று உங்களிடம் கேட்க வேண்டியதில்லை" என்றார் டாக்டரம்மா.

மூன்று மாதம் கழித்து சைக்கிள் தொட அனுமதி கிடைத்தது. முதல் நாள் தாராவியிலிருந்து சயானுக்கு மட்டும். குழந்தையை அனுப்புகிற மாதிரி ஜெய்த்தூன் முக்கு வரை வந்தாள். மேட்டில் பழைய பழக்கத்தில் எழுந்து மிதித்தேன். மூச்சு வாங்கியது. கால் வேகம் கேட்கிறது, பெட்டி எழுபத்திரண்டுக்கு மேல் ஒன்று கூடத் தர மறுக்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். நாற்பது வருஷத்தில் அந்த மேட்டில் நான் இறங்கியதில்லை. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்திருந்தால் செயின் கழன்றது என்று சொல்லியிருப்பேன்.

இரானி ஹோட்டலில் சாமி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லாமல் வந்திருக்கிறேன், எழுந்து இடம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"என்ன பார்க்கறீர்? ஐம்பத்திரண்டு. இது என் நாற்காலி" என்றார்.

அந்த நிமிஷம்தான் நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று தோன்றியது.

பிறகு பெட்டியின் குணத்தைப் படித்துக்கொண்டேன். அது கொடுக்கிற எழுபத்திரண்டுக்குள் மிதிக்க வேண்டும். மேட்டுக்கு முன்பே இலகுவான பல்லுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். செல்வராஜுக்கு நான் போட்டுக் கொடுத்த பெரிய பின் பல்சக்கரம் போலவே ஒன்றை என் ரேஸ் சைக்கிளுக்கும் போட்டேன். "அண்ணாச்சியும் மலைக்காரன் ஆயிட்டாவ" என்று அவன் செம்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடுத்த மழைக்கு முன்பு செம்பூர் நாக்கா வரை போய்த் திரும்பினேன். ஹோட்டல் வாசலில் கடைசியாக வந்தேன். ஆனால் எங்கும் இறங்கவில்லை. பெட்டி வைத்துக்கொண்டு செம்பூர் போய்த் திரும்பிய சைக்கிள்காரன் இந்த பம்பாயில் இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன்.

நாடிப் போட்டியில்தான் எனக்கு இனி இடமில்லை. எழுபத்திரண்டு. அடுத்த வாரம் எழுபத்திரண்டு. அதற்கடுத்த வாரம் எழுபத்திரண்டு. மூன்று பேரில் எப்போதும் நான்தான் கடைசி.

போன மாதம் ஒரு ஞாயிறு, சாமி கைக்கடிகாரம் இல்லாமல் வந்தார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாராம். ஹோட்டல் சுவர்க் கடிகாரத்துக்கு நொடி முள் கிடையாது. இன்றைக்குப் போட்டி இல்லை என்று சாமி சொல்ல, ஒரு வாரம் மின்விசிறி இழந்த வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

நான் இரண்டு விரலை என் கழுத்தில் வைத்தேன். "நான் எண்ணுதேன். எழுபத்திரண்டு வந்தா ஒரு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் உங்க நாடிய எண்ணுங்க."

இருவரும் தங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எண்ணினோம். நான் "நிமிஷம்" என்றதும் சாமி "ஐம்பது!" என்று கத்தினார். அவர் வாழ்க்கையில் அதுவரை வராத எண்.

"அண்ணாச்சி சாமிக்காக வேகமா எண்ணிட்டாவ" என்றான் செல்வராஜ்.

"ஏல, இது வெளிநாட்டு மெஷினு. நான் சொன்னாக் கேக்காது, நீ சொன்னாலும் கேக்காது."

சாமி வெற்றியோடு மின்விசிறி நாற்காலிக்கு நகர்ந்தார். நான் முந்தி உட்கார்ந்துவிட்டேன். கடிகாரம் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன். அது எந்தச் சட்டம் என்று கேட்டார். என் சட்டம் என்றேன். வாயில் பன் இருந்ததால் அவரால் தொடர்ந்து வாதாட முடியவில்லை.

இப்போது சாமியின் கடிகாரம் திரும்பி வந்துவிட்டது. நாற்காலியும் அவரிடம் திரும்பிப் போய்விட்டது. ஆனால் ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. ஞாயிறுதோறும் முதலில் என் நாடியைத்தான் எண்ணுகிறார். முன்பு அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாமலே ஓடிவிடும், எண் மட்டும்தான் வேண்டும். இப்போது அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். எழுபத்திரண்டு மிதி நீளம், ஒவ்வொரு மிதியும் எனக்குத் தனியாகக் கேட்கிறது. முன்பு எண் இறங்க இறங்க ஜெயித்தேன். இப்போது இறங்காமல் இருப்பதுதான் என் ஜெயம்.

செல்வராஜ் அப்போது டீயை உறிஞ்சுவதில்லை, கோப்பையைக் கையிலேயே வைத்திருக்கிறான். சாமி என் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "எழுபத்திரண்டு" என்று சொல்லி நோட்டில் எழுதும்போது அவர் பெரிதாக மூச்சு விடுகிறார். அந்த நிமிஷம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுகிறார்.

"கடைசி ஆளுக்கு எதுக்கு சாமி நட்சத்திரம்?" என்று கேட்டேன்.

"நோட்டு என்னோடதாக்கும். நீர் பன்னைத் தின்னும்" என்றார்.